இருவரையும் பைகளையும் சுமக்கும் வண்டி

பதினோரு ஆண்டுகள் என்னிடம் இருந்த 150 சி.சி. மோட்டார் சைக்கிளைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை விற்றுவிட்டேன். வாங்க வந்த இளைஞரிடம், "காலையிலிருந்து ஸ்டார்ட் செய்யவில்லை, எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள்" என்றேன். குளிர்ந்த எஞ்சினை முதன்முறை இயக்கும்போதுதான் எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்க உதவும் டைமிங் செயினின் சலசலப்பும் சைலன்சரில் வரும் நீலப் புகையும் தெளிவாகத் தெரியும். முன்கூட்டியே சூடாக்கி வைத்துக் காட்டப்படும் வண்டியை நான் வாங்கமாட்டேன், அப்படி ஒன்றை விற்கவும் மனம் வரவில்லை. முன் ஃபோர்க்கின் வலதுபக்க ஆயில் சீலில் இருந்த லேசான கசிவை விரலால் தொட்டு நானே காட்டினேன். அதற்காக ஒரு தொகையைக் குறைத்துக் கேட்டார், ஒப்புக்கொண்டேன். பெட்ரோல் டேங்கின் இருபுறமும் என் முழங்கால்கள் உரசி நிறம் மங்கியிருந்த இடத்தை ஒருமுறை தடவிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

அந்த வண்டி ஒருநாளும் என்னை வழியில் நிறுத்தியதில்லை. ஆனால் மனைவியைப் பின்னால் அமர்த்தி, இரண்டு பைகளையும் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறியபோது, மூன்றாவது கியரில் மூச்சுத் திணறி, இரண்டாவதுக்கு இறங்கி, பின்னால் வரும் லாரிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியதாயிற்று. வீடு திரும்பியதும் உரிமையாளர் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் 130 கிலோதான் மிஞ்சியது. எங்கள் இருவரின் எடையே அதைத் தொட்டுவிடுகிறது, பைகளுக்கும் ஹெல்மெட்டுகளுக்கும் கணக்கில் இடமே இல்லை. இத்தனை ஆண்டுகள் பிரேக்கையும் பின் ஷாக் அப்சார்பரையும் அவற்றின் எல்லைக்கு அப்பால் வேலை வாங்கியிருக்கிறேன் என்பது உறைத்த அன்றே விற்க முடிவு செய்தேன்.

ஆகவே, புதிய வண்டியைத் தேடும்போது சி.சி.யையும் உச்ச வேகத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சுமைத்திறனையும் எஞ்சினின் நடுத்தரச் சுழற்சி வேகத்தில் கிடைக்கும் இழுவையையும் முதலில் பார்க்கிறேன். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்வதால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 90க்குச் செல்லும்போது அது மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. சிறிய எஞ்சின், ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கினால்தான் இதற்கு ஈடுகொடுக்கும், பெரிய எஞ்சினுக்கோ அதன்பிறகும் கையிருப்பு மிஞ்சும். டியூப்லெஸ் டயர் கட்டாயம் வேண்டும். ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலேயே வெளியிலிருந்து அடைத்துவிடலாம் என்பது ஆளரவமற்ற சாலையில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பஞ்சரான டியூப்போடு நின்றவர்களுக்குத் தெரியும்.

இப்போது இரண்டு வண்டிகள் மனத்தில் நிற்கின்றன. ஹோண்டா சிபி500எக்ஸ் 471 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சின் கொண்டது, கையாள இலகுவானது; 2019 முதல் அதன் முன்சக்கரம் 19 அங்குலம் என்பதால் பழுதான சாலையிலும் நிதானமாகச் செல்லும். சுசுகி வி-ஸ்ட்ராம் 650, 645 சி.சி. வி-ட்வின் (V வடிவில் அமைந்த இரட்டை சிலிண்டர்) எஞ்சினுடன் வருவது, எடை கூடியது. அதன் சிலிண்டர்கள் 90 டிகிரி கோணத்தில் அமைந்திருப்பதால் அதிர்வு இயல்பாகவே குறைவு, குறைந்த சுழற்சியிலேயே இழுக்கிறது. என் மனம் வி-ஸ்ட்ராம் பக்கமே சாய்கிறது.

ஒரே தயக்கம் உயரம். அதன் இருக்கை 835 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தனியாக அமர்ந்தபோது பாதத்தின் முன்பகுதி மட்டுமே தரையில் பட்டது. மனைவி பின்னால் ஏறி அமர்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கி, இரண்டு குதிகால்களும் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டன. "இப்போது சரியாக இருக்கிறதா?" என்று அவள் தோளைப் பற்றியபடி கேட்டாள். விற்பவரிடம், அடுத்த வாரம் எங்கள் பைகளையும் கட்டி, இருவருமாக ஒரு மேட்டுப்பாதையில் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.