முடி கொட்டியது, மருந்து தைராய்டுக்கு

வேலூரில் யாருக்கு முடி கொட்டினாலும் முதல் பழி உப்புத் தண்ணீருக்குத்தான். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலும் அதைத்தான் சொன்னார்கள். போர் தண்ணீரை விட்டுவிட்டு, காவேரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்துத் தலைக்கு ஊற்றினேன். ஷாம்பு போய் சீயக்காய் வந்தது. அம்மா கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். சீப்பிலும் தலையணையிலும் விழுந்த முடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் நான் தைக்கிற தோலின் மேலும் விழ ஆரம்பித்தது. பூ வைத்தால் ஊக்கு நிற்காத அளவுக்குப் பின்னல் மெலிந்துவிட்டது. "இன்னாடி, தொட்டாலே கையோட வருது" என்று பயந்துபோன அம்மா, திருப்பதியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார்.

ஈ.எஸ்.ஐ. அட்டையோடு தோல் டாக்டரைப் பார்க்கப் போனேன். கூட்டம், சீட்டு, காத்திருப்பு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்ளே நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெண் டாக்டர் என் தலையை மட்டும் பார்க்கவில்லை. ஐம்பது அறுபது முடியை விரல்களால் பிடித்து மெதுவாக இழுத்தார். கையோடு வந்த முடிகளின் அடி நுனியை வெளிச்சத்தில் காட்டினார். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை இருந்தது. "உப்புத் தண்ணியில முடி வறண்டு நடுவுல உடையும். இது வேரோட வருது, உள்ளே காரணம் இருக்கு" என்றார். பிறகு என் புருவத்தைப் பார்த்தார். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்திருந்தது. அதை நான் கவனித்ததே இல்லை. உடம்பு எடை, மலச்சிக்கல், மாதவிலக்கு, குளிர் என்று கேள்வி கேள்வியாக வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வேலூர் அக்னி நட்சத்திரத்தில், வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில், வீட்டில் எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் கிடக்க, நான் மட்டும் அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மாதவிலக்கும் பல மாதங்களாக அதிகமாகவே போய்க்கொண்டிருந்தது.

தைராய்டு சுரப்பு குறைவாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போது, "முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிடறியா?" என்று கேட்டார். சென்னையிலிருந்து தங்கை வாங்கி வந்த அந்த வைட்டமின் பாட்டில் வீட்டில் இருந்தது. அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில தைராய்டு பரிசோதனைகள் தப்பான எண்ணைக் காட்டுமாம். தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் கூடுகிற டி.எஸ்.எச். என்ற சுரப்பு உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம், நோய் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும். அதை நிறுத்தி, சில நாள் விட்டு ரத்தம் கொடுக்கச் சொன்னார். முடி கொட்டுகிறது என்றதும் பயோட்டின் வாங்கித் தின்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இந்த ஒரு கேள்வியை எல்லா இடத்திலும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 31. சுமாராக 4 வரைதான் இருக்கலாம். ஹீமோகுளோபின் 9. இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் தரைமட்டம். தைராய்டு சுரப்பு குறைந்ததால் மாதவிலக்கு அதிகமாகி, அதனால் ரத்தம் குறைந்து, இரண்டும் சேர்ந்து முடியைத் தாக்கியிருக்கிறது. ஒரே நோய் இரண்டு வழியாக வந்து தலையில் இறங்கியிருந்தது.

டாக்டர் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது முடியின் காலக்கணக்குதான். தலையில் பெரும்பாலான முடி எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நூற்றில் பத்து பதினைந்து மட்டும் ஓய்வில் இருக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. உடம்புக்குப் பெரிய கஷ்டம் வந்தால் வளர வேண்டிய முடி கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். அப்படிப் போனது உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். ஆகவே இன்று கொட்டுவதற்குக் காரணத்தை நேற்றுப் போட்ட எண்ணெயில் தேடக்கூடாது. மருந்து தொடங்கிய பிறகும் ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்தே தீரும். இதை முன்பே சொல்லியிருந்ததால்தான் மாத்திரையைப் பாதியில் விடாமல் இருந்தேன்.

மொட்டையைப் பற்றியும் அம்மாவுக்காகக் கேட்டேன். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே வழித்தால் அது மாறாது என்றார். அம்மாவின் வேண்டுதலைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. சாமி காரியம் சாமிக்கு, மாத்திரையும் விடாமல் நடக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

மாத்திரை சாப்பிடுவதுதான் உண்மையான வேலை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை டீ, காபி, டிபன் எதுவும் கூடாது. எனக்கோ கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்துவிடும். அதனால் மாத்திரையும் சொம்புத் தண்ணீரும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். கண் விழித்ததும் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். டீயை பஸ் ஏறுவதற்குச் சற்று முன்னால் குடிப்பேன். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், கால்சியத்துக்கும் அப்படியே. நான் இரும்பை ராத்திரிக்கு வைத்துக்கொண்டேன், எலுமிச்சம்பழத் தண்ணீரோடு. டீ அதோடு சேரக்கூடாது. முதல் வாரங்களில் மலம் கறுத்தது, மலச்சிக்கலும் கூடியது. டாக்டரிடம் சொன்னதும் வேறு இரும்பு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் நல்லவைதான், ஆனால் என் அளவுக்கு வற்றிப்போன கையிருப்பைச் சாப்பாடு மட்டும் நிரப்பாது. இன்னொன்று, நம்மூர் வெயிலில் தைராய்டு மாத்திரையை அடுப்பு மேடையிலோ ஜன்னலிலோ வைக்காதீர்கள். சூட்டில் அதன் வீரியம் குறையும்.

ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்து அளவைக் கூட்டினார்கள். முதலில் மாறியது முடி இல்லை, தூக்கமும் கைகால் அசதியும்தான். ரத்தப்போக்கு அடங்கியது. முடி கடைசியில்தான் வந்தது. நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் குத்திட்டு நின்றதைப் பார்த்து அம்மா, "உடைஞ்சு போச்சு பாரு" என்றார். அது உடைந்ததல்ல, புதிதாக முளைத்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பழைய பின்னல் வர வருஷங்கள் ஆகும்.

எங்கள் லைனில் வேலை செய்கிற ஓர் அக்காவுக்கு வட்டமாக முடி போய்ப் புழுவெட்டு என்றார்கள். அது வேறு வகை. உடம்பின் எதிர்ப்புச்சக்தியே முடிவேரைத் தாக்குவது, சிலருக்குத் தைராய்டோடு சேர்ந்தும் வரும். பூண்டைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தவரை டாக்டரிடம் அனுப்பினேன். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் அந்த மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். சில மருந்துகளாலும் முடி உதிரும், டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.