கொட்டாங்கச்சியில் ஒரு வயலின்

மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கொட்டாங்கச்சி வயலின் விற்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். தோளில் ஒரு பை நிறைய வயலின்கள் துருத்திக்கொண்டிருக்கும். கையில் ஒன்றை வைத்துப் பழைய சினிமாப் பாட்டை இழைத்தபடியே நடப்பார். எட்டு வயதில் அப்பாவை நச்சரித்து ஒன்று வாங்கினேன். அவர் கையில் பாடியது என் கையில் கிறீச்சிட்டது. இரண்டு நாளில் மேலே ஒட்டியிருந்த காகிதமும் கிழிந்தது.

அந்தக் கருவியை நானே செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. இந்தப் புரட்டாசியில் ஆரம்பித்தேன். எனக்கு மரவேலை தெரியாது, சங்கீதமும் படித்ததில்லை. அக்கா மகள் வயலின் கற்றுக்கொள்கிறாள், அது ஒன்றுதான் துணை. மொத்தம் ஐந்து வாரம் ஆனது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஓடு. நன்றாக முற்றிய தேங்காயாக எடுத்து, அரிவாளால் உடைக்காமல் ஹாக்ஸா பிளேடால் சுற்றி அறுத்தேன். உடைத்தால் விளிம்பு பல் பல்லாக வரும், தோல் சமமாக உட்காராது. நாரைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிவிட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். கண் இருக்கிற பாதியைத்தான் வைத்துக்கொண்டேன். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மென்மையாக இருக்கும் இல்லையா, அதைக் குத்தித் திறந்தால் பின்பக்கம் சத்தம் வெளியேற ஒரு துளை தானாகவே கிடைத்துவிடுகிறது. பிறகு வாசிக்கும்போது அந்தக் கண்ணை விரலால் மூடியும் திறந்தும் பார்த்தேன். திறந்திருக்கும்போது ஒலி இன்னும் தாராளமாக வருகிறது.

கம்பு நுழைய ஓட்டின் இரண்டு பக்கமும் துளை வேண்டும். அவசரப்பட்டு பெரிய டிரில் பிட்டை நேரடியாக வைத்தேன், ஓடு விளிம்புவரை விரிசல் விட்டது. இரண்டாவது ஓட்டில் 3 மி.மீ. பிட்டால் சின்னத் துளை போட்டு, உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினேன். ஒரு மணி நேரம் பிடித்தது, ஆனால் ஓடு தாங்கியது. மூங்கில் கம்பும் இதே மாதிரிதான். பிரடைக்கு, அதாவது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளைக்கு, துளை போடும் இடத்துக்கு மேலும் கீழும் நூலை இறுகச் சுற்றி, அதன்மேல் ஃபெவிகால் பூசிக் காயவிட்ட பிறகே டிரில் வைத்தேன். நூல் சுற்றாத பரிசோதனைத் துண்டு நீளவாக்கில் பிளந்துவிட்டது.

இனி தோல். இந்தக் கருவியின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் திருவிழா வயலினைப் போலவே காகிதம் ஒட்டினேன். பழுப்புக் காகிதம் இரண்டு அடுக்கு, மைதாப் பசை. காய்ந்ததும் தட்டினால் டப் டப் என்று நன்றாகவே கேட்டது. அன்று சாயங்காலம் மழை பெய்தது. காகிதம் ஈரத்தை இழுத்துத் தொய்ந்து, கம்பியைத் தாங்க அதன்மேல் நிறுத்தியிருந்த சின்னத் துண்டு, அதாவது குதிரை, உள்ளே அமுங்கிவிட்டது. அடுத்து பலூன் ரப்பரை இழுத்துக் கட்டினேன். அது அதிர்வையெல்லாம் விழுங்கிவிடுகிறது, கம்பியின் சத்தம் ஓடு வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.

அப்புறம் மிருதங்கத்துக்கு மூட்டு, அதாவது தோல்முகம், போடும் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கழிவுத் துண்டுகளைக் கிளறி ஒரு மெல்லிய ஆட்டுத்தோலை எடுத்துக் கொடுத்தார். “எவ்வளவுங்கய்யா?” என்றேன். “இதுக்கு என்ன தம்பி காசு? வெயில்ல மட்டும் காயவைக்காதீங்க, நிழல்லயே காயட்டும். அவசரப்பட்டா ஒரு பக்கம் இழுத்துக்கும்” என்றார்.

தோலைத் தண்ணீரில் ஊறவைத்தேன். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. பறைக்குத் தோல் ஒட்டுவதற்கும் இந்தப் பசைதான் வழக்கம். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, கூழ்போலக் காய்ச்ச வேண்டும். வீடு முழுக்க ஒரு மண் வாசனை. ஈரத்தோலை ஓட்டின் வாயில் போர்த்தி, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி இழுத்துச் சணலால் கட்டினேன். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இழுத்தால் சுருக்கம் விழுகிறது. ஒன்றரை நாள் நிழலில் இருந்தது. மறுநாள் விரலால் சுண்டியபோது வந்த அந்த ‘டிண்’ என்ற நாதத்தைக் கேட்டு, அடுப்படியில் இருந்த மனைவி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

கம்பி கிடாரின் முதல் தந்தி, 0.25 மி.மீ. எஃகு. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தது ரொம்ப உதவியது. கிடாரில் அதன் நீளம் சுமார் 65 செ.மீ., அதை முழுச் சுருதிக்கு ஏற்றினால் இழுவை 7 கிலோவைத் தாண்டும். அதைக் கொட்டாங்கச்சி தாங்குமா என்று பயமாக இருந்தது. என் கருவியில் குதிரையிலிருந்து மேல்நூல் வரை, அதாவது கம்பின் மேல்முனையில் கம்பியைச் சேர்த்துக் கட்டிய நூல் வரை, 33 செ.மீ. தான். சுருதியும் இரண்டு கட்டை, அதாவது விநாடிக்கு 294 அதிர்வு. நீளம் பாதியானால் அதே சுருதிக்கு நாலில் ஒரு பங்கு இழுவை போதும். கணக்குப்படி ஒன்றரை கிலோதான் வந்தது. மெல்லிய தோலுக்கு அது போதுமான சுமை.

பிரடை வழுக்கிக்கொண்டே இருந்தது. சுருதி சேர்த்துக் கையை எடுத்தால் இறங்கிவிடும். அக்கா மகள்தான் சொன்னாள்: “மாமா, சாக்பீஸ் பொடி தடவுங்க. எங்க டீச்சர் வயலினுக்கே அப்படித்தான் செய்வாங்க.” தடவினேன், நின்றது.

வில்லுக்கு மூங்கில் பிளாச்சை நெருப்பில் வாட்டி வளைத்தேன். முடிக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பு கட்டியது வீண்வேலை. அது வழவழப்பு, வில்லில் தேய்க்கிற பிசின் கட்டியான ரோசின் அதில் ஒட்டுவதே இல்லை. அக்கா மகளின் பழைய வில்லில் இருந்து கழற்றிய குதிரைவால் முடியில் ஓர் அறுபது இழை எடுத்துக் கட்டினேன். ஆசையோடு இழுத்தேன். சத்தமே இல்லை! கம்பியின்மேல் முடி ஓடுகிறது, காற்று மாதிரி. ரோசின் தடவ மறந்திருந்தேன். ரோசின் பூசிய முடி கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய், தாங்காதபோது வழுக்க விடும். மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். விநாடிக்கு 294 தடவை இப்படி நடந்தால்தான் என் ஸா கேட்கும். புதிதாகக் கட்டிய முடிக்குப் பத்து நிமிஷமாவது தேய்க்க வேண்டியிருந்தது. அதன்பிறகு வந்தது முதல் ஒலி.

கிறீச் என்றுதான் வந்தது. எட்டு வயதில் கேட்ட அதே சத்தம். ஆனால் இந்த முறை காரணத்தைத் தேட முடிந்தது. வில்லைக் கம்பியின் நடுவில் வைத்து அழுத்தியிருந்தேன். குதிரைக்கு மூன்று விரற்கடை தள்ளி, நேர் குறுக்காக, ஒரே சீரான வேகத்தில் இழுத்ததும் குரல் திறந்தது. மூக்கால் பாடுவது போன்ற ஒரு குரல், கொஞ்சம் சோகம் கலந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

ஸ்வர இடங்களைக் கம்பில் பென்சிலால் குறித்தேன். குதிரையிலிருந்து அளந்தால் ரி 29.3 செ.மீ., க 26.4, ம 24.75, ப 22, த 19.8, நி 17.6, மேல் ஸா சரிபாதியான 16.5. சங்கராபரண ராகத்துக்கு உரிய இடங்கள் இவை. ஆனால் கம்பியைக் கம்பில் தொடும் அளவுக்கு அழுத்தினால் இழுவை கூடி ஸ்வரம் ஏறிவிடுகிறது. விரலைக் கம்பியில் படியவிட்டால் போதும், கம்பு வரை போகவே வேண்டாம். சீனாவின் எர்ஹூ என்ற வில் வாத்தியத்திலும் விரற்பலகை கிடையாது, அந்தரத்தில் நிற்கும் தந்தியைத்தான் விரல் தொடுகிறது. ராஜஸ்தானின் ராவணஹத்தா என்ற வில் வாத்தியத்திலும் குடம் கொட்டாங்கச்சிதான், மேலே தோல்தான். அந்த வாசிப்புகளைத் தேடிக் கேட்ட இரவில், திருவிழாவில் விற்றவரின் விரல்கள் எப்படி நகர்ந்தன என்று நினைத்துப் பார்த்தேன். அவர் கம்பைப் பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் காகிதம் ஒட்டிய கருவியில், இரைச்சல் நிறைந்த தெருவில், நடந்துகொண்டே அந்தச் சுத்தமான சுருதியைப் பிடித்திருக்கிறார். அவரை நாங்கள் பொம்மை விற்கிறவர் என்றுதான் சொல்லி வந்தோம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஆட்டுத்தோலும் கொஞ்சம் தளர்கிறது, காகிதம் அளவுக்கு இல்லை. பறையடிப்பவர்கள் தீமூட்டிக் காய்ச்சுவதுபோல, அடுப்பில் தோசைக்கல்லை இறக்கிய பிறகு அந்தச் சூட்டில் ஒரு முழத் தூரத்தில் காட்டுகிறேன். இரண்டு நிமிஷத்தில் தோல் விறைத்து, பழைய நாதம் திரும்பிவிடுகிறது.

நேற்று அக்கா மகள் வந்து, சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான ஸரளி வரிசையின் முதல் வரியை இதில் வாசித்தாள். நி மட்டும் இறங்கி நிற்கிறது, என் பென்சில் குறி ஒரு நூல் அளவு மேலே தள்ளிப் போயிருக்கிறது. குதிரையும் மூங்கிலில் செய்தது, அதன் கால் தோலில் பள்ளம் போடத் தொடங்கியிருக்கிறது. விரிசல் விட்ட முதல் ஓட்டிலிருந்து அகலமான கால் வைத்து ஒரு குதிரை அறுத்துக்கொண்டிருக்கிறேன்.