ஜிம் ஸ்டைன்ஸ் என்னும் ரக்மேன்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில், நடுவர் மேலே எழுப்பும் பந்தை எகிறித் தன் அணியினர் பக்கம் தட்டிவிடும் நெடிய ஆட்டக்காரரே ரக்மேன். அயர்லாந்தின் டப்ளினில், அந்நாட்டு ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்து ஆடி வளர்ந்த ஜிம் ஸ்டைன்ஸ், 1984-இல் மெல்போர்ன் கழகத்துக்கு வந்த பிறகுதான் இந்த ஆட்டத்தின் முட்டை வடிவப் பந்துக்குப் பழகினார். 1987-இல், இறுதிப்போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில், ஹாதார்ன் அணியின் கேரி பக்கனாரா பந்தை உதைக்க ஆயத்தமாக நின்றபோது ஸ்டைன்ஸ் குறுக்கே ஓடிவிட, அதற்கான தண்டனையாக 15 மீட்டர் முன்னேறும் வாய்ப்பைப் பெற்ற பக்கனாரா, சைரன் ஒலித்து முடிந்த நிலையில் கோலடித்து மெல்போர்னின் கனவைக் கலைத்தார். வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஸ்டைன்ஸோ 1991-இல், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தையே வென்றார். ஆனாலும், ஒவ்வொரு வாரமும் இடியும் முட்டும் வாங்க வேண்டிய அந்தப் பொறுப்பில், ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடியதையே நான் பதக்கத்துக்கும் மேலாக மதிக்கிறேன்.