பிக்கப் வண்டிக்கு 90 லிட்டர் டேங்க்: செய்து பார்த்த அனுபவம்

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக ஆலப்புழை சென்று திரும்ப ஏறத்தாழ 550 கிலோமீட்டர் ஆகிறது. என் பழைய டீசல் பிக்கப் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருவதால் ஒரு நடைக்கு 50 லிட்டர் வேண்டும். வண்டியோடு வந்த டேங்க்கோ 55 லிட்டர்தான். பணகுடியிலும் முப்பந்தலிலும் ஆடிக்காற்று எதிர்த்து அடிக்கும் நாட்களில் அந்த மிச்சமும் கரைந்துவிடும். கேரளத்தில் டீசல் விலை நம்மூரைவிட அதிகம். 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி வேறு சேர்ந்திருக்கிறது. அங்கே பங்க்கில் நிற்காமல் ஊர் வந்து சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது என்பதால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற்றேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்தேன். பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸியின் இடப்பக்கம், சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்புறத்தில், 90 செ.மீ. நீளம், 33 செ.மீ. அகலம், 32 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்கு இடம் இருந்தது. கணக்குப்படி 95 லிட்டர் கொள்ளும். டீசல் ஊற்றும் வாயைச் சற்றுத் தாழ்த்தி அமைத்து, 90 லிட்டரோடு நிற்கும்படி செய்தேன். அதிகாலையில் நிரப்பிய டீசல் உச்சி வெயிலிலும், எஞ்சினிலிருந்து திரும்பும் சூடான டீசலாலும் 20 டிகிரி ஏறினால் ஒன்றரை லிட்டர் அளவுக்குப் பெருகும். அதற்காக டேங்க்கின் மேற்பகுதியில் காலியிடம் வேண்டும்.

மேலப்பாளையம் பக்கத்துப் பட்டறையில், "அண்ணாச்சி, ஜி.ஐ. தகட்டுலயே அடிச்சிருவோம், துரு ஏறாதுல்லா" என்றார் வெல்டர். அவர் அக்கறையோடு சொன்னாலும் நான் ஒப்பவில்லை. ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து சோப்பு போன்ற படிவை உண்டாக்கும். அது ஃபில்டரையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் அடைத்துவிடும். துத்தநாகம் பூசாத 2 மி.மீ. சி.ஆர். இரும்புத் தகட்டிலேயே செய்து, உட்புறம் பூச்சு எதுவும் இல்லாமல், வெளியே மட்டும் பெயின்ட் அடித்தோம். பிரேக் பிடிக்கும்போது டீசல் மொத்தமாக முன்னே மோதாமல் இருக்க, கீழ் மூலைகள் வெட்டிய தடுப்புத் தகடுகள் இரண்டு உள்ளே உண்டு. எஞ்சினுக்குப் போகும் குழாய் ஒரு கோடியிலும், எஞ்சினில் மீந்த டீசல் திரும்பும் ரிட்டன் குழாய் மறு கோடியிலும் இறங்குகின்றன. ரிட்டன் குழாயின் முனை டீசலுக்குள் மூழ்கியிருந்தால்தான் குமிழி கிளம்பாது.

பெயின்ட் அடிக்கும் முன், 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்றடைத்து, வெல்டிங் தையல் முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். பின்பக்கக் கீழ் மூலையில் கடுகளவுக் குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் எழுந்தது. அந்த இடத்தை அராவி மீண்டும் பற்றவைத்த பிறகு கால் மணி நேரம் காற்று இறங்கவில்லை.

பட்டைகளுக்கு அடியில் ரப்பர் வைத்துப் பொருத்தி, டீசல் குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் வெளியேற்றி வண்டியைக் கிளப்பியபோது டீசல் அளவு காட்டும் கேஜ் முள் அசையவே இல்லை. ரப்பர் இடையில் இருந்ததால் டேங்க்குக்கு எர்த் கிடைக்கவில்லை, அதாவது கேஜின் மின்சாரம் சேஸி வழியாகத் திரும்ப வழியில்லை. சேஸிக்கு ஒரு ஒயர் இழுத்ததும் முள் எழுந்தது. ஆனால் அடுத்த சிக்கல்தான் என்னை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்காரவைத்தது. ஏறத்தாழ 30 லிட்டர் இருக்கும்போதே முள் காலி என்று காட்டியது. பழைய டேங்க்கின் ஆழம் 22 செ.மீ.; புதியது 32. எஞ்சினுக்குப் போகும் குழாயை நீட்டிய நான், டீசலில் மிதந்து கேஜுக்கு அளவு சொல்லும் ஃப்ளோட்டின் கம்பியைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டேன். அடியில் மீந்த 10 செ.மீ. ஆழத்தை அந்தக் கம்பியால் எட்ட முடியவில்லை. கம்பியை 22-க்கு 32 என்ற விகிதத்தில் நீட்டி, அது சுழலும் அச்சை 5 செ.மீ. கீழிறக்கினேன். பிறகு டேங்க்கைக் காலி செய்து, பத்துப் பத்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன். மூங்கில் குச்சியிலும் கத்தியால் கோடு கீறிவைத்தேன். ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 3 லிட்டர் என்பது குச்சியில் தெளிவாகத் தெரிகிறது.

கூடுதல் 35 லிட்டர் டீசல் 29 கிலோ எடை. புதிய தகட்டின் எடையும் சேர்வதால் மூன்று தார் குறைத்தே ஏற்றுகிறேன்.

சென்ற வாரம் ஆலப்புழை போய் வந்து, களக்காட்டில் வண்டி ஆறியதும் குச்சியை இறக்கினேன், 13 செ.மீ. வரை ஈரம் இருந்தது. ஏறக்குறைய 39 லிட்டர் மிச்சம். முள்ளும் பாதிக்குச் சற்றுக் கீழே அதையே காட்டியது. தோட்டத்துப் பாதையில் கற்கள் தெறித்து டேங்க்கின் அடிப்பக்கப் பெயின்ட் இரண்டு இடங்களில் பெயர்ந்திருக்கிறது. வரும் ஞாயிறு அங்கே ஒரு காப்புத் தகடு பொருத்த வேண்டும்.