அரசு வண்டி எங்கே போனது? லாக் புக்கைக் கேளுங்கள்

கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண மண்டபத்தில் அரசு வண்டி நின்றால் உடனே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். "ஆய்வுக்குப் போகும் வழியில் தலைகாட்டினேன்" என்று தலைவர் ஒரு வரி சொன்னால் விஷயம் முடிந்தது. அந்த வரியை உடைப்பது படமல்ல, வண்டியின் பயணப் பதிவேடான லாக் புக்.

அதில் தேதி, நேரம், புறப்படும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டர் ரீடிங், போன இடம், நோக்கம், பயணித்தவர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கடைசி இரண்டு கட்டங்களை முதலில் பாருங்கள். நோக்கத்தில் "முகாம்" என்ற ஒற்றைச் சொல்லும், மாதம் முழுக்க ஒரே பேனாவில் ஒரே சாய்வில் கையெழுத்தும் இருந்தால், மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பியதாகச் சந்தேகிக்கலாம்.

லாக் புக்கை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. அதே மாதத்துப் பயணத் திட்டம், டீசல் பில், பயணப்படிப் பட்டியல் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போய்வர நூறு கிலோமீட்டருக்குள்தான். ஒகேனக்கல் ஆய்வு என்று எழுதிவிட்டு ரீடிங் 260 கூடியிருந்தால், அல்லது அதே நாளில் கிருஷ்ணகிரி டோல்கேட் ரசீது இருந்தால், மீதி தூரம் யாருக்காக ஓடியது என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை டிரைவரிடம் கேட்பது அநியாயம். சொன்ன இடத்துக்கு ஓட்டியவர் அவர். பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்.

இந்த நகல்களை வாங்க, தகவல் உரிமைச் சட்ட மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பலரும் சறுக்குவது கேள்வியில்தான். "ஏன் போனார்?" என்று கேட்டால், விளக்கம் தர இயலாது என்று திருப்பிவிடுவார்கள். வண்டி எண், தேதி வரம்பு குறிப்பிட்டு, "சான்றிட்ட நகல் வேண்டும்" என்று மட்டும் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால் பிரிவு 8(2)-ஐ எடுத்துக்காட்டுங்கள். பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்கிறது அது.

நகல்கள் பொருந்தாவிட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதலாம். அமைச்சர்கள்மீதும் சட்டமன்ற உறுப்பினர்கள்மீதும் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவுக்கே புகார் செய்யலாம்.

தேர்தல் நேரத்தில் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். நடத்தை விதி அமலில் இருக்கும்போது அமைச்சர் அரசு வண்டியில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே மட்டும் போகலாம். அலுவல் பயணத்தோடு பிரச்சாரத்தைச் சேர்க்கக் கூடாது. மீறினால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்புங்கள், 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு. கேலரியில் இருக்கும் பழைய படத்தை அது ஏற்காது. செயலியைத் திறந்து அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும்.