அம்மாவின் தட்டில் மீன் துண்டு இல்லை

19 ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் எத்தனையோ பேரின் அணுக்களை எண்ணுகிறவளுக்கு, அம்மாவின் தாளைச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை.

நாகப்பட்டினத்தில் இருக்கும் அம்மாவுக்கு 61 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஹீமோகுளோபின் 9.0. பெண்களுக்கு 12க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எம்சிவி குறைந்தது 80 இருக்க வேண்டும்; அம்மாவுக்கு 73. அணுக்கள் சிறுத்து வெளுத்திருந்தன. மாதவிலக்கு நின்று பத்தாண்டு ஆனவருக்கு இரும்புச்சத்து எங்கே போகிறது? வயிற்றிலும் குடலிலும் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்தார் மருத்துவர். இல்லை. இந்த வயதில் அந்தச் சோதனையை யாரும் தள்ளிப்போடக் கூடாது. பிறகு இரும்புச்சத்து மாத்திரை.

நான்கு மாதம் கழித்து 9.2.

சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 46 என்று வந்தது. தாளில் அச்சிட்ட வரம்புக்குள்தான் இருந்தது. இருப்பு இருக்கிறதே என்று நான் நிம்மதி அடைந்தேன். மருத்துவர்தான் மற்ற வரிகளில் விரல் வைத்துக் காட்டினார்: வெள்ளையணு 10,900, ரத்தம் உறைய உதவும் தட்டணு 4,70,000, அழற்சியை, அதாவது உடம்புக்குள் நீடிக்கும் வீக்கத்தைக் காட்டும் சிஆர்பி 13. மூன்றும் உயர்ந்த பக்கம்தான். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு 70க்குக் கீழே இருந்தாலே இரும்புப் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அழற்சி வந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் வாசலை அது மூடிவிடுகிறது. கிருமிக்கும் இரும்பு வேண்டும். அதற்குக் கிடைக்காமல் பூட்டி வைக்கும் உடம்பின் தற்காப்பு இது. ஆனால் கிருமியே இல்லாமல், அடிவயிற்றில் சேர்ந்த கொழுப்பிலிருந்து கசியும் அழற்சிப் பொருள்களும் இதே பூட்டைப் போட்டுவிடும். அம்மாவுக்கு இடுப்புச் சுற்றளவு கூடியிருந்தது. ஈறும் வீங்கியிருந்தது, பல் துலக்கும்போது ரத்தம் வருவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு இருந்தேன். காலை எட்டு மணிக்கு இரும்பு மாத்திரை. அதை விழுங்குவதே டிகாக்‌ஷன் காபியோடு. காபியிலும் தேநீரிலும் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று இத்தனை வருடத்தில் நான் அவரிடம் ஒரு முறையாவது சொல்லியிருக்க வேண்டாமா? மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் மூன்று மணிக்கு அவர் உட்கார்ந்தார். மத்திக் குழம்பில் துண்டுகள் எங்கள் தட்டுகளுக்குப் போய்விட்டிருந்தன. அவருக்குச் சோறும், சட்டியில் ஒட்டிய குழம்பும். "எனக்குக் குழம்பு போதும்மா" என்றார். பசி அடங்காமல் நான்கரைக்கு இனிப்புக் காபி, நான்கு ரஸ்க். இரவில் மிஞ்சிய சோறு. ஒரு நாள் முழுக்க அவர் தட்டில் கீரையோ பயறோ விழவில்லை. கீரையைச் சமைத்தவர் அவர்தான்.

மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரை, தானியத்தில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. எளிதில் சேர்வதைத்தான் நாற்பது வருடமாக எங்களுக்குப் பரிமாறியிருக்கிறார்.

மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தோம். காபி இரண்டு மணி நேரம் தள்ளிப் போனது. ரஸ்க்குக்குப் பதில் சுண்டலும் கொய்யாவும். ஈறுக்குப் பல் மருத்துவரிடம் மூன்று முறை போனோம். மதியம் அம்மா எங்களோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்தார். இதற்குத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது.

தட்டணு பத்து நாள் அளவே வாழும். சிவப்பணு 120 நாள். அதனால் ஆறாவது வாரத்தில் தட்டணு 3,40,000க்கு இறங்கியும், ஹீமோகுளோபின் 10தான் தொட்டிருந்தது. சிஆர்பி 5. நான்காம் மாதம் ஹீமோகுளோபின் 11.4. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சேர்த்தே செய்தோம்.

போன ஞாயிறு மத்தி வாங்கினோம். பழக்கத்தில் தன் துண்டை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார் அம்மா. நான் அதைத் திருப்பி அவர் தட்டில் வைத்து, அவர் முள்ளெடுத்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.