லாங்காஸ்டர் குயில்ட்டும் அதன் இறக்குமதிச் சாயலும்

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் பகுதிக்கு வார இறுதியில் சென்று வரும் நம்மவர்கள், நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறித்தவச் சமூகத்தினரான ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகளையும் சோளக் காடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வையான குயில்ட் ஒன்றை வாங்க ஆசைப்படுவது வழக்கமாகிவிட்டது. இங்குள்ள குயில்ட் தைக்கும் பெண்களோடு அமர்ந்து சில ஆண்டுகளாக ஊசி பிடித்துப் பழகியவள் என்பதால், வாங்குவதற்கு முன் பலரும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எல்லோரும் கேட்கும் முதற்கேள்வி, "இது கையால் தைத்ததுதானா?" என்பதுதான். அந்தக் கேள்வியால் பயனில்லை என்பது என் எண்ணம். பெரிய கடைகளில் நூறு டாலரையொட்டிக் கிடைக்கும் இறக்குமதிக் குயில்ட்டுகளில் பலவும் கையால் தைத்தவைதான். சீனாவிலோ இந்தியாவிலோ ஒரு பெண் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு அமர்ந்து தைத்தவை. ஆகவே "கையால் தைத்தது" என்று அதில் தொங்கும் அட்டை பொய் சொல்வதில்லை. அந்தக் கைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டது என்பதை அட்டை சொல்லாது, துணிதான் சொல்லும்.

குயில்ட் என்பது மூன்று அடுக்கு: துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. இம்மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டத் தையலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கைதேர்ந்தவர்களின் தையலில் ஓர் அங்குலத்திற்கு எட்டு முதல் பன்னிரண்டு தையல்கள் இருக்கும்; அதோடு மேற்புறத்தில் தெரியும் அளவே அடிப்புறத்திலும், இடைவெளி மாறாமல் தெரியும். அவசரக் கூலிக்குத் தைத்ததில் அங்குலத்திற்கு மூன்று அல்லது நான்கு தையல்களே இருக்கும். நூல் தடிமனாக இருக்கும். அடிப்புறத்தில் தையல் சில இடங்களில் துணியைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கும். முடிச்சையும் தேடிப் பாருங்கள். பழகிய கை முடிச்சை மேல்துணிக்குள் இழுத்துப் பஞ்சில் மறைத்துவிடும். கூலித் தையலில் அது அடித்துணியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இடைவெளியே இல்லாமல் தொடர்கோடாக ஓடும் தையல் என்றால், அது மூன்று அடுக்குகளையும் இயந்திரத்தில் சேர்த்துத் தைத்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மேல்துணியின் துண்டுகளை இணைத்த தையல் இயந்திரத்தில் போட்டதாக இருப்பதைக் கண்டு, "இது போலி" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆமிஷ் பெண்கள் காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தில் துண்டுகளை இணைப்பது நெடுநாள் வழக்கம். மூன்று அடுக்குகளைச் சேர்க்கும் வேலைதான் மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கையால் செய்யப்படுவது. எனவே இணைப்பில் தெரியும் இயந்திரத் தையலை வைத்து எதையும் தள்ளிவிடக் கூடாது. இணைப்பின் உள்ளே எவ்வளவு துணி விடப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். கால் அங்குலம் விடுவதே இத்தொழிலின் ஒழுங்கு. தொழிற்சாலையில் துணியை மிச்சம் பிடிக்க அதைச் சுருக்கிவிடுவார்கள். துணியும் நெருக்கமில்லாத நெசவாக இருக்கும். சில சலவைகளுக்குள் இணைப்பு வாய் பிளந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். குயில்ட்டை விரலால் தடவிப் பார்த்தே இந்த மெலிந்த இணைப்பை உணர்ந்துவிடலாம்.

ஓரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தனியாக வெட்டிய பட்டையை இரண்டாக மடித்து, சுற்றிலும் வைத்துத் தைத்து, மூலையைச் சாய்வாக மடித்து முடித்திருந்தால் நல்ல அறிகுறி. துண்டு வைத்துத் தைத்ததுபோல் அச்சடித்த ஒரே துணியையும் குயில்ட் என்று விற்கிறார்கள். துண்டுகள் சேரும் கோட்டில் நகத்தால் நெருடிப் பார்த்தால் தையல் இல்லாதது தெரிந்துவிடும்.

உண்மையில் கடினமான இடம் புதிய கடையல்ல, பழம்பொருள் சந்தை. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குயில்ட்டுகளை ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்த பிறகு, அவற்றின் மதிப்பு ஏறியது; அதன்பின் வந்த ஆண்டுகளில் மலிவான இறக்குமதியும் பெருகியது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் சேகரிப்பிலிருந்த சில குயில்ட்டுகளைப் படியெடுத்து விற்க ஒரு வணிக நிறுவனத்திற்கு உரிமம் கொடுத்தது. அந்தப் படிகள் சீனாவில் தைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஜார்ஜியாவில் 1837-இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் கதைக் காட்சிகளை வைத்துத் தைத்த பைபிள் குயில்ட். வறுமை நெருக்கியபோது 1891-இல் அவர் அதை ஐந்து டாலருக்கு விற்றார். விற்ற பிறகும் அதைப் பார்க்க, வாங்கியவரின் வீட்டிற்குப் போய் வந்தார் என்பதை அந்தப் பெண்மணியே எழுதி வைத்திருக்கிறார். அதன் நகல் அஞ்சல் விற்பனைப் பட்டியல்களில் வந்தபோது அமெரிக்கக் குயில்ட் கலைஞர்கள் வெகுண்டெழுந்து போராடியதில் வியப்பில்லை. அடையாளச் சீட்டை அறுத்துவிட்டால் இந்த நகல்கள் நாளை பழைய குயில்ட்டுகளாக விலைபோகும் என்ற அச்சமும் அப்போராட்டத்தில் இருந்தது.

அந்த அச்சம் வீண் என்று சொல்ல மாட்டேன். அக்காலத்து இறக்குமதிகளுக்கு இன்று முப்பது வயதுக்கு மேலாகிறது. வெளுத்து, கிழிந்து, "பாட்டி தைத்தது" என்று சொல்லத் தக்க தோற்றத்தில் சந்தைக்கு வருகின்றன. கிழிசலின் இயல்புதான் இங்கே வழிகாட்டும். வீட்டில் கிடைத்த பலவகைத் துணிகளைச் சேர்த்துத் தைத்த பழைய குயில்ட்டில் துணிக்குத் துணி முதுமை மாறுபடும். குறிப்பாக, இரும்புச் சத்துச் சேர்த்துச் சாயமேற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழுப்புத் துணிகள் இற்றுப்போயிருக்க, அருகிலுள்ள துண்டு உறுதியாக இருக்கும். தொழிற்சாலைச் சரக்கில் எல்லாக் கட்டத்திலும் அதே சில துணிகள் திரும்பத் திரும்ப வரும், நைவும் இணைப்புகளின் வழியே ஒரே மாதிரி வந்திருக்கும். புற ஊதா விளக்கில் நீலமாய் ஒளிர்ந்தால் புதியது என்பார்கள். சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டியும் அப்படி ஒளிரும் என்பதால், அதை மட்டும் நம்பி நான் எதையும் தீர்மானிப்பதில்லை.

1960 முதல் நடைமுறையிலுள்ள அமெரிக்கச் சட்டப்படி, விற்பனைக்கு வரும் துணிப்பொருளில் இழையின் வகை, உற்பத்தியாளர் அடையாளம், இறக்குமதியானால் செய்த நாடு ஆகியவை இருக்க வேண்டும். சீட்டில் ஆர்.என். என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருந்தால், கூட்டாட்சி வணிக ஆணையத்தின் இணையதளத்தில் அதைத் தேடி, எந்த நிறுவனத்துக்கு உரியது என்று அறியலாம். சீட்டு இல்லாவிட்டால் ஓரத் தையலைச் சுற்றிலும் பாருங்கள்; கத்தரித்த சீட்டின் அடிப்பகுதி பெரும்பாலும் தையலுக்குள் சிக்கியே இருக்கும்.

உள்ளூர் என்றதும் ஆமிஷ் கை என்று எண்ணிவிடவும் கூடாது. லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து 1980-களில் லாங்காஸ்டர் பகுதியில் குடியேறிய மோங் இனப் பெண்கள், துணியின் மேல் துணியை வெட்டி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். அங்குள்ள கடைகளில் ஆமிஷ் குயில்ட் என்ற பெயரில் விற்பனையானவற்றில் அவர்கள் கைவேலையும் நிறைய உண்டு. அந்தத் தையலில் குறை சொல்ல ஏதுமில்லை. அவர்கள் பெயரைச் சொல்லாமல் விற்பதைத்தான் நான் குறை சொல்வேன்.

இதனால்தான், வடிவமைத்தவர் யார், துண்டுகளை இணைத்தவர் யார், மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைத்தவர் யார் என்று கடையில் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறேன். ஒரே குயில்ட்டில் மூன்று வேலைகளும் மூன்று வீடுகளில் நடப்பது லாங்காஸ்டரில் சாதாரணம். நல்ல கடைக்காரருக்கு மூன்றுக்கும் விடை தெரிந்திருக்கும். பெரிய கட்டிலுக்கான ஒரு குயில்ட்டைக் கையால் முடிக்கச் சில நூறு மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொன்னால் அதிர்ச்சி அடையாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ் கடைகள் திறப்பதில்லை, சனிக்கிழமையே போய்விடுங்கள்.